கருவி சுருங்கியது, விரல் சுருங்கவில்லை: குமரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஒரு போன் காலையில் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஈரத்தில் இருக்கும், மாலையில் முட்டத்து உப்புக்காற்றில் இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. கருவிகள் சின்னதாகச் சின்னதாக இந்த ஈரமும் உப்பும் அவற்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. வயதானவர்களின் கையும் கண்ணும் அவற்றோடு மல்லுக்கு நிற்கின்றன. கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எல்லாக் கருவியும் ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டது? அதில் நமக்கு என்ன நஷ்டம்?

உள்ளே இருக்கும் உறுப்புகள் சுருங்கின, அதனால் கருவியும் சுருங்கியது. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல் நான்கே டிரான்சிஸ்டரோடு ரீஜென்சி டிஆர்-1 என்ற பாக்கெட் ரேடியோ விற்பனைக்கு வந்தது. 1971-ல் இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைக்கு விலை கூடிய போன்களின் சிப்பில் அது ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. பழைய ரேடியோவில் ஒரு ரெசிஸ்டர் 6 மி.மீ. நீளம், இரண்டு பக்கமும் கம்பிக் கால். இன்றைய போன் போர்டில் அதே வேலையைச் செய்வது 0.4 மி.மீ. நீளமும் 0.2 மி.மீ. அகலமும் உள்ள ஒரு துணுக்கு. ரவைத் துகள்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

விரல் நுனியும் கண்ணும் 1954-ல் இருந்த அளவில்தான் இன்றும் இருக்கின்றன. பழைய கருவிக்குள் காலியாகத் தெரிந்த இடம் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது. சூட்டை ஆற்றியது. 230 வோல்ட்டை நம் கையிலிருந்து தள்ளி வைத்தது. ஸ்க்ரூடிரைவர் நுழைய வழிவிட்டது. ஓர் உப்புத் துளி ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குப் பாலம் போடாமல் தடுத்தது. கீழே சொல்லியிருக்கும் பழுதுகளில் பெரும்பாலானவை அந்த இடம் போனதால் வந்தவை. ஆகவே ஒரு பொருளை வாங்கும்போது, எந்த இடத்தைக் குறைத்து இதைச் சின்னதாக்கியிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

பாட்டாவுக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தோம். எழுத்து தெரியவில்லை, தப்புத் தப்பாக அமுக்குகிறார். என்ன செய்யலாம்?

முதலில் எழுத்து. தமிழுக்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய எழுத்தளவு வேண்டும். சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். கி-யும் கீ-யும் ஒன்றுபோலத் தெரியும். ண, ன இரண்டும் குழம்பும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் எழுத்து அளவு, திரை அளவு என இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. பலர் முதலாவதை மட்டும் கூட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பட்டன்களும் ஐகான்களும் பெரிதாக இரண்டாவதையும் கூட்ட வேண்டும். இரண்டையும் கடைசிவரை தள்ளினால் சில ஆப்களில் 'சரி' என்ற பட்டனே திரைக்கு வெளியே போய்விடும். ஒரு படி குறைத்து வையுங்கள்.

பிறகு ஆக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் போங்கள். மூன்று தடவை தட்டினால் திரை பெரிதாகும் வசதி அங்கே இருக்கிறது. விரலை எவ்வளவு நேரம் வைத்தால் 'அழுத்திப் பிடித்தல்' என்று போன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே நீட்டலாம். கை நடுங்குபவர்களுக்கு இது பெரிய உதவி. பவர் பட்டனை அமுக்கினால் அழைப்பு துண்டிக்கப்படும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். பேசி முடித்தபின் சிவப்பு வட்டத்தைத் தேடித் திணறுவது அதோடு நிற்கும்.

தட்டச்சுதான் கடினமான இடம். ஆண்ட்ராய்டு வடிவமைப்பாளர்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்சத் தொடு அளவு சுமார் 9 மி.மீ. போன் திரையின் அகலமோ 7 செ.மீ.க்குள். ஆங்கிலத்துக்கு ஒரு வரிசையில் பத்து எழுத்து வைத்தாலே ஒவ்வொன்றுக்கும் 7 மி.மீ.தான் கிடைக்கும். தமிழ் விசைப்பலகையில் பதினொன்று, பன்னிரண்டு வைக்கும்போது 6 மி.மீ.க்கு இறங்கிவிடும். வயதானவர்களைத் தமிழ்த் தட்டச்சுக்குப் பழக்குவதைவிட கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டில் மைக்கை அமுக்கிப் பேசவோ, விரலால் திரையில் எழுதவோ பழக்குவது எளிது. தமிழுக்கு இரண்டு வசதியும் இருக்கின்றன. தட்டச்சுதான் வேண்டும் என்றால் ஜிபோர்டின் அமைப்பில் விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டுங்கள்.

பட்டன் போன் போதும் என்றால், கடையில் அவர் கையிலேயே கொடுத்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல் பத்து இலக்க எண் ஒன்றை அமுக்கச் சொல்லுங்கள். பட்டன்களுக்கு இடையே பள்ளம் இருக்க வேண்டும். 5-ம் எண்ணின் மேல் புள்ளி தடவினால் தெரிய வேண்டும். மெல்லிய ஒரே தகடாக இருக்கும் கீபேட் பார்க்க அழகு, ஆனால் விரலுக்கு வழி காட்டாது.

கடலோரத்தில் குடியிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை சார்ஜிங் போர்ட் போய்விடுகிறது. ஏன்?

டைப்-சி போர்ட்டில் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. மேலே 12, கீழே 12. பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு அரை மில்லிமீட்டர்தான். அதில் உப்பு ஈரம் படிந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜரைச் செருகியதும் முனைகளுக்கு இடையே மின்பகுப்பு தொடங்கும். மின்னழுத்தம் உள்ள முனையின் தங்கப் பூச்சு அரிக்கப்பட்டு, அடியில் உள்ள செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். டார்ச் அடித்துப் பார்த்தால் நடு நாக்கின் இருபுறமும் ஓரிரு கோடுகள் மட்டும் கறுத்திருப்பது தெரியும். அவைதான் மின்சாரம் வரும் முனைகள். குளச்சல், கடியபட்டணம், தூத்தூர் போன்ற ஊர்களில் போன் தண்ணீரில் விழவே வேண்டாம். திறந்த ஜன்னலருகே இரவெல்லாம் சார்ஜில் கிடந்தாலே போதும்.

செய்யக்கூடியவை சில உண்டு. போர்ட் ஈரமாக இருக்கிறது என்று போன் எச்சரித்தால் அதை மீறிச் செருகாதீர்கள். போர்ட் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் சில மணி நேரம் சாய்த்து வையுங்கள். அரிசி டின்னில் புதைப்பதால் பயன் இல்லை. அரிசித் தூள் போர்ட்டுக்குள் போய் ஈரத்தோடு பசையாகிவிடும்.

போன் கடல்நீரிலேயே விழுந்துவிட்டால் முறை மாறும். தண்ணீர் புகாமையைக் குறிக்கும் ஐபி67, ஐபி68 தரம் உள்ள, உடையாத போன் என்றால் உடனே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி உப்பை எடுத்துவிட்டு உலர விடுங்கள். காய்ந்த உப்பு ஒவ்வொரு ஈரக் காற்றிலும் மறுபடி நனைந்து வேலையைக் காட்டும். தரம் இல்லாத போன் என்றால் அணைத்து, ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். திறந்து 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்துக் கொண்டுபோனால் போர்டின் துணுக்குகள் பச்சை பூத்திருக்கும்.

சார்ஜ் ஏறாததெல்லாம் அரிப்பு அல்ல. சட்டைப் பையின் பஞ்சும் மணலும் போர்ட்டின் அடியில் அழுந்திக் கிடந்தால் பிளக் முழுதாக இறங்காது. பிளக்குக்கும் போனுக்கும் இடையே ஒரு மி.மீ. இடைவெளி தெரிந்தால் அதுதான் காரணம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியைச் சீவித் தட்டையாக்கி, நடு நாக்கைத் தொடாமல் சுவரோரமாகக் கிளறி எடுங்கள். ஊசியும் சேஃப்டி பின்னும் வேண்டாம். நாக்கு ஒடிந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டும்.

புதுப் போன் வாங்கும்போது சார்ஜிங் போர்ட் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கிறதா என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். தனி போர்டு என்றால் கழற்றி மாட்டிவிடலாம், செலவு குறைவு. வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனைக் கடலோரக் குடும்பங்கள் பரிசீலிக்கலாம். அதில் ஈரம் படுவதற்கு முனையே இல்லை.

கடற்கரைக்குப் போய்வந்தால் இயர்பட்ஸில் கறுப்பு மணல் ஒட்டிக்கொள்கிறது. சத்தமும் குறைகிறது.

நம் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுப்பதும் இதைத்தான். கூடவே ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவையும் கிடைக்கின்றன. இல்மனைட் வலுவான காந்தத்துக்கு இழுபடும். ஆலையில் அதைப் பிரிப்பதற்கே காந்தம் பயன்படுகிறது. இயர்பட்ஸுக்குள் இருப்பதோ நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் காந்தம் இல்லாவிட்டால் ஸ்பீக்கரைப் பயறு அளவுக்குச் சுருக்கியிருக்க முடியாது. அந்த நியோடிமியம் மோனசைட்டில் இருக்கும் தனிமங்களில் ஒன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

துடைக்கும் முறை: வாயால் ஊதாதீர்கள். மணல் வலைக்குள் போகும், எச்சில் ஈரமும் சேரும். ரப்பர் மூடியைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பல்துலக்கியால் கீழ்நோக்கித் தட்டுங்கள். மீதியை செல்லோடேப்பின் பசைப் பக்கத்தை ஒற்றி ஒற்றி எடுக்கலாம். கேஸின் குழியில் இருக்கும் சார்ஜிங் முனைகளையும் மறக்காதீர்கள். ஒரு பக்க இயர்பட் மட்டும் சார்ஜ் ஏறாமல் இருப்பதற்கு அந்தப் பித்தளைப் புள்ளியில் உட்கார்ந்த ஒரு மணல் துகளே போதும். கடற்கரையில் கேஸைத் திறந்து துண்டின் மேல் வைப்பதைத் தவிர்த்தால் பாதி வேலை மிச்சம்.

வள்ளத்தில் போகும்போது போன் இருக்கிறதே, தனியாக ஜிபிஎஸ், வயர்லெஸ் செட் எதற்கு?

ஈரக் கையால் போன் திரையை நம்பமுடியாது. திரை வேலை செய்வது விரலின் மின்தேக்கத்தை உணர்ந்துதான். கடல்நீர் நன்றாக மின்சாரம் கடத்தும். ஒரு துளி படிந்தாலே திரை அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் உண்மையான விரலைக் கவனிக்காது. அவசர நேரத்தில் திரையைத் துடைக்க உலர்ந்த துணி கிடைக்காது. பட்டன் வைத்த ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் அளவில் பெரியவை. அந்தப் பருமனுக்குக் காரணம் உண்டு. வலை இழுத்து மரத்துப்போன விரலுக்குப் பட்டன் தட்டுப்பட வேண்டும்.

ஐபி68 என்று போட்டிருக்கும் போன்கூட நல்ல தண்ணீரில், அசையாத நிலையில் சோதிக்கப்பட்டது. அலை அடிப்பதும் உப்பும் அந்தச் சோதனையில் இல்லை.

வயர்லெஸ் செட்டில் சின்னது வாங்குவதா, பெரியது வாங்குவதா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவசர அழைப்புக்கான 16-ம் சேனலின் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். அதற்குச் சரியான கால் அலைநீள ஆண்டெனா சுமார் 48 செ.மீ. கையில் பிடிக்கும் செட்டில் இருக்கும் குட்டை ரப்பர் ஆண்டெனா அந்த நீளத்தைச் சுருளாகச் சுற்றி அடக்கியது. கைக்கு வசதி, ஆனால் சக்தியில் ஒரு பங்கு வீணாகும். அதைவிட முக்கியம் உயரம். இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். இரண்டு வள்ளத்திலும் ஆண்டெனா 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரம் 11, 12 கி.மீ.தான். ஒன்றில் 9 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் 18 கி.மீ. வரை நீளும். ஆகவே படகில் பொருத்தும் செட்டும் உயரத்தில் ஆண்டெனாவும் முதல் தேவை. கையடக்கச் செட் அதற்குத் துணையாக, தண்ணீரில் மிதக்கும் வகையாக இருக்கட்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நேரில் கண்ட கரை இது. ஆழ்கடலுக்குப் போகும் எவரும் இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

போனையும் எடுத்துச் சென்றால் பையில் போட்டு முடிச்சிட்டு, பவர் பட்டனால் இயங்கும் அவசர வசதியைக் கரையிலேயே அமைத்துவிட்டுப் போங்கள்.

ரப்பர் பால்வெட்டுக்கு ஹெட்லைட் வாங்கினோம். பேட்டரியின் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை.

அந்த எண் பொய். ஹெட்லைட்டில் இருப்பது பெரும்பாலும் 18650 செல். பெயரே அளவைச் சொல்லும்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகளால் அடைக்க முடிந்தது அதிகபட்சம் சுமார் 3500 எம்ஏஎச். 5000, 6800, 9900 என்று எது அச்சடித்திருந்தாலும் வாங்காதீர்கள். கையில் எடை பார்த்தால் தெரியும். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாமல் கனக்கும். போலி பெரும்பாலும் 30, 35 கிராமில் நிற்கும். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

கணக்கு இப்படி: 2500 எம்ஏஎச் செல்லை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 9.25 வாட்-மணி. எல்இடி 3 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம் எரியும். சுமார் 300 மரத்தைச் சுற்றிவர அது சரியாக இருக்கும். உள்ளே 1000 எம்ஏஎச் மட்டுமே உள்ள போலி செல் ஒன்றேகால் மணி நேரத்தில் மங்கிவிடும். நடுத்தர வெளிச்சத்தில் வைத்தால் நேரம் இரட்டிக்கும். கத்தி ஓடும் வெட்டுப்பட்டை முகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதற்கு முழு வெளிச்சம் தேவையில்லை, கண்ணும் கூசாது.

எல்லாவற்றையும் நெற்றியிலேயே அடக்கிய சின்ன மாடலைவிட, பேட்டரிப் பெட்டியை இடுப்பில் மாட்டி வயர் போகும் மாடல் நல்லது. கழுத்து வலி குறையும். பேட்டரி நெற்றிக்கு அருகில் சூடாவதும் இல்லை. பெட்டிக்குள் இரண்டு, மூன்று செல் வைக்க இடமும் இருக்கும். அப்படி வைக்கும்போது பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

தோட்டத்தில் இன்னொரு எதிரி அமோனியா. பாலைக் கெடாமல் வைக்கப் போடும் அமோனியாவின் ஆவி பித்தளை முனைகளைத் தின்னும். ஷீட் உறையூற்றப் பயன்படும் ஃபார்மிக் ஆசிட்டும் அப்படியே. லைட்டை அந்த ஷெட்டுக்குள் தொங்கவிடாதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்துக்கு வாசலின் தடவும் பழக்கம் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும் என்று ரப்பர்க்காரர்களுக்குத் தெரியும். சிலிக்கான் கிரீஸ் ஒரு சிறு விரல்நுனி அளவு போதும்.

செல் கனத்து வீங்கினாலோ, உறை கிழிந்தாலோ மறுபடி சார்ஜ் போட வேண்டாம். மற்ற செல்களோடு வைக்காமல் மணல் நிரப்பிய தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் கடையில் சேர்த்துவிடுங்கள். குப்பையில் போட்டு எரிப்பது ஆபத்து.

குட்டி சார்ஜர் கொதிக்கிறது. வாங்கலாமா?

பழைய கனமான அடாப்டருக்குள் இரும்புக் கரு வைத்த டிரான்ஸ்ஃபார்மர் வினாடிக்கு 50 சுழற்சியில் ஓடியது. இன்றைய சார்ஜர் மின்சாரத்தை வினாடிக்கு லட்சம் தடவைக்கு மேல்கூட வெட்டி வெட்டி அனுப்புகிறது. வேகம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறுக்கும். காலியம் நைட்ரைடு வகை சார்ஜர்கள் அதை இன்னும் ஒரு படி சுருக்கின. சூடு மட்டும் போக இடம் வேண்டும். 90 சதவீதத் திறனுள்ள 65 வாட் சார்ஜர் முழு வேகத்தில் 7 வாட்டைச் சூடாக வெளியேற்றும். தீப்பெட்டி அளவிலான பொருளுக்கு அது கூடுதல். கையில் பிடிக்க முடிகிற வெப்பம் இயல்பு. பிடிக்க முடியாமல் சுட்டால், பிளாஸ்டிக் வாடை வந்தால் நிறுத்துங்கள். தலையணைக்கு அடியில், மெத்தைமேல் வைக்கவே கூடாது.

பேர் தெரியாத குட்டி சார்ஜர்களில் உண்மையான ஆபத்து உள்ளேதான். 230 வோல்ட் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே போர்டில் பல மில்லிமீட்டர் காலி இடம் விட்டாக வேண்டும். மலிவாகச் சுருக்குபவர்கள் அதைத்தான் தின்கிறார்கள். மழைக்கால ஈரத்தில் அந்த இடைவெளியை மின்சாரம் தாண்டினால் போனின் உலோக உடம்பில் மெயின் வோல்டேஜ் வந்துவிடும். சார்ஜரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்-' என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

சார்ஜில் இருக்கும் போனைத் தொட்டால் லேசாகக் கிர்ரென்கிறதே?

நல்ல சார்ஜரிலும் வரும். இரண்டு பின் சார்ஜரில் இரைச்சலைக் குறைக்க வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் வழியே மிகச் சிறிய கசிவு உலோக உடம்புக்கு வரும். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றால் தெரியும். அது விரல்நுனிக் கூச்சமாக இருந்தால் அபாயம் இல்லை. சுளீர் என்று அடித்தால் அந்தச் சார்ஜரை உடனே ஒதுக்குங்கள். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்ச் அணைத்தால் மட்டும் போதாது.

சிம் தட்டை எடுக்க ஊசி குத்தினேன், இப்போது எதிரில் இருப்பவருக்கு என் குரல் கேட்கவில்லை.

மைக் ஓட்டையில் குத்தியிருக்கிறீர்கள். தட்டின் ஓட்டையைச் சுற்றி நீள்வட்டக் கோடு தெரியும். தனியாக இருக்கும் ஓட்டை மைக். மைக் மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய சிம்மை வெட்டி நானோவாக்குவதும் வேண்டாம். நானோ சிம் 12.3 × 8.8 மி.மீ., தடிமன் 0.67 மி.மீ. பழைய சிம் 0.76 மி.மீ. தடிமன். அந்தச் சிறு வித்தியாசமே தட்டில் சிக்கி முனைகளை வளைக்கும். சர்வீஸ் சென்டரில் அதே எண்ணுக்கு நானோ சிம் தருவார்கள். அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் போட நினைத்தால் ஒன்றை யோசியுங்கள்: கடல்நீரில் போன் கெட்டுப்போனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட முடியாது. கடல் தொழிலில் இருப்பவர்கள் ஒரு எண்ணையாவது அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டில் போட்ட கல்யாண வீடியோ பாதி திறக்கவில்லை.

போலிக் கொள்ளளவு. 32 ஜிபி சிப்பை 512 ஜிபி என்று காட்டும்படி மாற்றி விற்கிறார்கள். நிரம்பியபின் பழைய கோப்பின் மேலேயே எழுதும், எச்சரிக்கை வராது. வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். பெரிய கார்டு என்றால் பல மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

கடையில் இதைச் சரிசெய்ய முடியாது என்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

பல நேரம் உண்மையைத்தான் சொல்கிறார்கள். மெல்லிதாக்குவதற்காக ஸ்க்ரூவுக்குப் பதில் பசை வந்தது. மூடியைத் திறக்கவே 80 டிகிரி வரை சூடு காட்டி, மெல்லிய தகட்டை நுழைக்க வேண்டும். பேட்டரி பசையில் ஒட்டியிருக்கும். நெம்பும்போது வளைந்தால் தீப்பிடிக்கும். சில போன்களில் இரண்டு போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்திருப்பார்கள். அடியில் உள்ள துணுக்கை மாற்ற மேல் போர்டைப் பிரிக்க வேண்டும். அதற்கு மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏர் மெஷினும் பழகிய கையும் வேண்டும், எல்லாக் கடையிலும் அது இருக்காது.

வாங்கும் முன்பே பேட்டரி மாற்ற எவ்வளவு, டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். டிஸ்ப்ளே விலை போனின் விலையில் பாதிக்கு மேல் என்றால் அது ஒரு முறை விழுந்தால் முடிந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' தளத்தில் கம்பெனிகளின் உதிரிபாகம், வாரண்டி விவரங்களைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைச் சில விலக்குகள் தவிர பயனரே மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கும் அப்படி ஒன்று வர வேண்டும்.

பாட்டிக்குக் காது மெஷின் வாங்க வேண்டும். காதுக்குள்ளே மறையும் சின்னது நல்லதா, வெளியே தெரிவதா?

வெளியே தெரிவதுதான். காதுக்குள் மறையும் வகை 10-ம் எண் பேட்டரியில் ஓடும். விட்டம் 5.8 மி.மீ., உயரம் 3.6 மி.மீ. விரல் மரத்த பாட்டியால் அதை எடுத்துப் போட முடியாது. கீழே விழுந்தால் கண்ணுக்கும் தெரியாது. காதுக்குப் பின்னால் மாட்டும் வகைக்கு 13 அல்லது 675 எண் பேட்டரி. ஸ்டிக்கர் நிறத்தைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். இந்த பேட்டரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனால்தான் உயிர் பெறும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் தேய்வது முழுதாக நிற்காது.

நம் ஊர் ஈரத்துக்கு, இரவில் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வையுங்கள். வியர்வை குழாயில் தேங்கினாலும் மெஷின் ஊமையாகிவிடும். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைத் தகுதியுள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம்.

ரிமோட்டின் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம். என்ன செய்வது?

சந்தேகம் போதும், உடனே கிளம்புங்கள். 20 மி.மீ. அகலமுள்ள சிஆர்2032, சிஆர்2025 வகைதான் மிக ஆபத்து. அது உணவுக்குழாயில் சிக்கினால் எச்சில் வழியே மின்சாரம் ஓடி, பேட்டரியின் ஒரு பக்கத்தில் காரம் உண்டாகும். இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல எக்ஸ்ரேயும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 மி.லி. தேன், அதாவது இரண்டு டீஸ்பூன், ஆறு தடவை வரை கொடுக்கலாம். தேன் பேட்டரியின் மேல் பூசிக்கொண்டு காரம் உண்டாவதைத் தாமதப்படுத்தும். மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. கையில் இல்லையென்றால் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும், விழுங்கவே திணறும் குழந்தைக்கும் தேன் கூடாது. வேறு உணவோ தண்ணீரோ யாருக்கும் வேண்டாம்.

அதே பேட்டரி இன்னொன்று வீட்டில் இருந்தால், அல்லது ரிமோட்டின் பின்மூடியில் எண் அச்சடித்திருந்தால், அதையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த வகை, எவ்வளவு பெரிய பேட்டரி என்று தெரிந்துகொள்ள அந்த எண் உதவும்.